ஒரு வாரம் விட்டு ஒரு திங்கட்கிழமை

எங்கள் ஊரில் சாரலை யாரும் மழை என்று சொல்வதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தெரியாதவர்களுக்கு நான் செய்த காரியம் சுத்தச் சோம்பேறித்தனமாகத்தான் படும். தென்காசியில் ஆனி பிறந்து மேல்காற்று வீசத் தொடங்கிவிட்டால் சில நாட்களில் காலை முதல் சாயங்காலம் வரை சாரல் விழும். சட்டை ஈரமாகும், கொடியில் போட்ட வேட்டி மூன்று நாள் காயாது, தீப்பெட்டி நமுத்துப்போகும். ஆனாலும் வெளியூர்க்காரர் யாராவது "என்ன, மழையா?" என்று கேட்டால், "மழையெல்லாம் இல்ல, சாரல்தான்" என்போம். சாரலுக்குக் குடை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவனைப் பார்த்தால் காய்ச்சலா என்று விசாரிப்போம். மழை என்றால் ஓட்டின் மேல் சத்தம் கேட்க வேண்டும், தெருவில் தண்ணீர் ஓட வேண்டும். மற்றதெல்லாம் சாரல்.

இந்த ஒரு சொல்லால் என் பிழைப்பு ஒரு பக்கமும் என் சிநேகிதன் பிழைப்பு இன்னொரு பக்கமும் போயின. சொல்லின் மேல் பழி போடுவது எனக்கு வசதி என்பது தெரியும். அதற்கு எவ்வளவு சேரும், எனக்கு எவ்வளவு சேரும் என்பதை வாசிக்கிறவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பி.எஸ்சி. பௌதிகம் படித்தேன். கடைசி வருடத்தில் வானிலையியல் என்று ஒரு சிறப்புப் பாடம் இருந்தது. எடுத்தவர்கள் ஆறு பேர். ஒருவன், வானிலைக்காரர்கள் தினமும் விமானத்தில் ஏறி மேகத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள் என்று நினைத்துச் சேர்ந்தான். பலூன்தான் மேலே போகும், நாம் கீழேதான் நிற்போம் என்று ஆசிரியர் சொன்னதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இன்னொருவனுக்கு விமானப்படை ஆசை. இரண்டு பேர் இந்தப் பாடத்தில் மார்க்கை அள்ளிப் போடுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்தவர்கள். மிச்சம் நானும் என் சிநேகிதனும்.

என் ஆசை மீனம்பாக்கம். விமானம் கிளம்புவதற்கு முன்னால் பைலட் வானிலை அலுவலகத்துக்கு வந்து, குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார் என்று ஆசிரியர் ஒருநாள் வகுப்பில் சொன்னார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். என் அப்பா தென்காசி ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். மாம்பழக் கூடை ஒரு நாள் தாமதமானாலும் வருகிறவன் போகிறவன் எல்லாம் அவரைத்தான் அதட்டுவான். அவர் பதில் பேசாமல் ரசீது எழுதிக் கொடுப்பார். தொப்பி வைத்த ஒரு பைலட் என் மேஜைக்கு முன்னால் நின்று காகிதத்துக்குக் காத்திருப்பதை நினைத்துக்கொண்டே நான் அந்தப் பாடத்தைப் படித்தேன். வகுப்பில் முதல் மார்க் எனக்குத்தான் வரும்.

சிநேகிதன் சுரண்டைக்காரன். தென்காசியிலிருந்து சுரண்டை பத்துப் பன்னிரண்டு மைல் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் சீசனில் எங்களுக்குச் சாரல், அவர்களுக்கு வெறும் காற்று. மலையிலிருந்து புறப்படுகிற மேகம் அவர்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும், இறங்காது. அவன் அப்பாவுக்கு இருந்தது முழுக்க மானாவாரி நிலம். இந்தப் பாடத்தை ஏன் எடுத்தாய் என்று ஆசிரியர் கேட்டபோது அவன் எழுந்து நின்று, "எங்க ஊருக்கு மேல போற மேகமெல்லாம் எங்க போவுதுன்னு தெரியணும் சார்" என்றான். வகுப்பு சிரித்தது. அதிகமாகச் சிரித்தவன் நான்.

பரீட்சை முடிந்ததும் ஆசிரியர் எங்கள் இரண்டு பேரை மட்டும் அழைத்தார். வானிலைத் துறையில் அப்சர்வர் வேலைக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், ஆவணி வாக்கில் சென்னையில் நேர்முகம் இருக்கும் என்று அவருக்குத் தகவல் வந்திருந்தது. "சர்ட்டிபிகேட் எல்லோரிடமும் இருக்கும். ஒரு சீசன் முழுக்க நீங்களே அளந்த மழைப் பதிவேட்டைக் கையில் கொண்டு போனால் யாரும் உங்களைத் தள்ள மாட்டார்கள்" என்றார். கல்லூரிச் சாமான் அறையிலிருந்து ஒடுக்கு விழுந்த பழைய மழைமானி ஒன்றையும் அளவுக் கண்ணாடியையும் எடுத்துக் கொடுத்தார்.

மழைமானி என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. துத்தநாகத்தில் ஓர் உருளை, அதன் வாயில் ஒரு புனல், புனலுக்குக் கீழே ஒரு பாட்டில். விழுகிற மழை பாட்டிலில் சேரும். காலை எட்டரை மணிக்குப் போய் அதைக் கண்ணாடியில் ஊற்றி எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுதிவிட்டு, பாட்டிலைக் காலியாகத் திரும்ப வைக்க வேண்டும். "மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் போய்ப் பார்க்க வேண்டும்" என்று ஆசிரியர் இரண்டு முறை சொன்னார். நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு கூடப் போட்டேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் என் மாமாவுக்கு ஒரு தென்னந்தோப்பு. அதை ஒட்டி, மரமோ சுவரோ பக்கத்தில் இல்லாத வெட்டவெளி கொஞ்சம் இருந்தது. அங்கே குழி வெட்டி மழைமானியை நட்டோம். ஒரு வாரம் அவன், ஒரு வாரம் நான், திங்கட்கிழமை காலையில் கை மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. அவனுடைய அக்காவை வடகரையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தன் வாரத்தில் அவன் அக்கா வீட்டில் தங்கி, ஏழெட்டு மைல் சைக்கிள் மிதித்து வருவான். நான் வீட்டிலிருந்து மிதித்தால் கால் மணி நேரம்.

முதல் நாள் இரண்டு பேரும் சேர்ந்தே அளந்தோம். முந்தைய நாள் முழுக்கச் சாரல். பாட்டிலின் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அவன் அதைக் கண்ணாடியில் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மூச்சைக் கூட விடாமல் பார்த்தான்.

"ஒண்ணு புள்ளி ஆறு" என்றான்.

"ஏலே, இது ஒரு மழையாலே? பனிய வடிச்சு வச்சிருக்க."

"புனலுக்குள்ள விழுந்துட்டுல்லா. விழுந்தா மழதான். எங்க ஊர்ல இம்புட்டு விழுந்தா எல்லாவனும் வெளிய வந்து நிப்பான்."

"ஒங்க ஊர்ல எச்சி துப்புனாலும் மழைன்னு சொல்லுவிய."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பதிவேட்டில் ஒன்று புள்ளி ஆறு என்று அச்சடித்தாற்போல் எழுதினான். அவன் கையெழுத்து அப்படி இருக்கும்.

அவன் வாரங்களில் நடந்ததை நான் போய்ப் பார்த்ததில்லை. என் வாரங்களில் நடந்தது இது. காலை எட்டரைக்கு நான் வீட்டில் இருப்பேன். ஜன்னலைத் திறந்து பார்ப்பேன். சாரல் விழுந்துகொண்டிருக்கும். மழை இல்லை. பதிவேட்டை எடுத்துப் பூஜ்யம் போட்டுவிட்டு இட்லி சாப்பிட உட்காருவேன். என்றைக்காவது நிஜமாகவே மழை கொட்டினால் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போய் அளந்து எழுதுவேன். அப்படி ஒரு நாலைந்து நாள் போயிருப்பேன். மழை இல்லாத நாளில் மழைமானியைப் போய்ப் பார்ப்பது, விசேஷம் இல்லாத வீட்டில் பந்திக்குப் போய் உட்காருவது போல என்றுதான் எனக்குப் பட்டது. ஏமாற்றுகிறோம் என்று ஒருநாள் கூடத் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. மழை இல்லை, பூஜ்யம் போட்டேன், அவ்வளவுதான்.

இதில் பெரிய வேடிக்கை, பத்து மணிக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குக் குளிக்கக் கிளம்புவேன். அதே ரோடு, அதே தோப்பு. மழைமானியிலிருந்து முப்பது அடி தள்ளித்தான் சைக்கிள் போகும். அருவியில் தண்ணீர் எவ்வளவு, ஐந்தருவியில் கூட்டமா என்று எதிரே வருகிறவர்களை விசாரித்துக்கொண்டே அதைத் தாண்டிப் போவேன். அருவித் தண்ணீர் வானத்திலிருந்துதான் வருகிறது என்பது வகுப்பில் முதல் மார்க் வாங்கியவனுக்கு ஞாபகம் வரவில்லை.

ஆவணியில் இரண்டு பேருக்கும் நேர்முகக் கடிதம் வந்துவிட்டது. பதிவேடு ஈரத்தில் ஊறி, மை பரவி, பாதிப் பக்கம் படிக்கவே முடியாதபடி ஆகியிருந்தது. அதைச் சுத்தமாகப் பிரதி எடுத்து வாருங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். ஸ்டேஷனில் மத்தியான நேரம் ரயில் கிடையாது என்பதால் அப்பாவின் பார்சல் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்தோம். நான் வாசிக்க, அவன் எழுதினான்.

ஜூலை பாதி வரும்போது அவன் பேனா நின்றது.

"ஏலே, இங்கன பாரு. என் வாரத்துல திங்கக்கெழம பதினாலு. செவ்வா ரெண்டு, புதன் ஒண்ணர, வியாழன் ரெண்டு. அப்புறம் ஒன் வாரம் பூரா பூஜ்யம். மறுபடியும் என் திங்கக்கெழம பன்னெண்டு. அதுக்கடுத்த தடவ பதினாறு. என் திங்கக்கெழமைக்கு மட்டும் ஏம்லே இந்த வரத்து?"

அவன் கேட்டு முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. என் வாரம் முழுக்க விழுந்த சாரல் பாட்டிலிலேயே கிடந்திருக்கிறது. அவன் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் சுரண்டையிலிருந்து வந்து, ஏழு நாள் தண்ணீரையும் ஒரே நாள் மழை என்று எழுதியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை இங்கே என்ன பெய்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"நீ போய்ப் பாக்கலயாலே?" என்றான்.

"மழ பெஞ்ச அன்னைக்கெல்லாம் போனேன்."

"பெய்யாத அன்னைக்கு?"

"பெய்யாத அன்னைக்கு எதுக்குப் போணும்? சாரல்தான விழுந்துது."

பின்னால் எலுமிச்சை மூட்டைக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த அப்பா, நிமிராமலே, "சாரல எவம்லே மழைன்னு சொல்லுவான்?" என்றார். எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் நேர்முகம் எங்கள் ஊரில் நடக்கவில்லை.

சிநேகிதன் வாய்விட்டுச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்திப் பதிவேட்டைப் பார்த்தான். "சரி, பூஜ்யத்த எடுத்துட்டு அங்கனயெல்லாம் கோடு போட்டுருவோம்" என்றான். "பூஜ்யம்னா போய்ப் பாத்தேன், ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். கோடுன்னா பாக்கலன்னு அர்த்தம். சார் பாடம் எடுக்கையில சொன்னாருல்லா."

"முப்பது நாளுக்கு மேல கோடு போட்டா எவம்லே எனக்கு வேல குடுப்பான்?"

"அப்ப என்ன செய்ய?"

"ஒன் நம்பரையே முன்ன பின்ன மாத்தி எழுது. ஒண்ணு புள்ளி எட்டு, ரெண்டு புள்ளி மூணுன்னு."

"அது மாட்டேன். எவ்வளவு விழுந்துதுன்னு ஒனக்குந் தெரியாது, எனக்குந் தெரியாது. தெரியாதத எழுத மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அதிலும் பெரிய கோபம், அவன் சொல்வது சரி என்பதால் வந்தது. வானம் பார்த்த பூமிக்காரன் எனக்குப் பாடம் சொல்லித் தருகிறானே என்று மனசுக்குள் கருவினேன். கடைசியில் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கட்டும், யாரும் கூர்ந்து பார்க்க மாட்டார்கள் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவன் பெருமூச்சு விட்டுவிட்டு மிச்சத்தையும் எழுதி முடித்தான். ஆக, பிரதி முழுக்க அவன் கையெழுத்து. எந்த வாரம் யாருடையது என்று எங்கும் குறிப்பில்லை. அளந்தவர் ஒவ்வொரு நாளும் தன் இனிஷியலைப் போட வேண்டும் என்கிற வழக்கம் எங்களுக்கு அப்போது தெரியாது. ஆசிரியரைப் பார்க்கப் போன அன்று அவர் மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்திருந்தது. எங்களுக்கு லட்டு கொடுத்துவிட்டு, பக்கத்தைப் புரட்டாமலே கையெழுத்துப் போட்டார்.

சென்னையில் ஒரு நீண்ட வராந்தாவில் உட்கார வைத்தார்கள். இருபது முப்பது பேர் இருந்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிவேடு என்பதால் அதைக் காலையிலேயே உள்ளே வாங்கிவிட்டார்கள். அவனை முதலில் கூப்பிட்டார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தவன் என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போகும்போது, "ரிஜிஸ்டரப் பத்திக் கேப்பாவ" என்று மட்டும் சொன்னான்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஒல்லியாக, கோட்டுப் போட்டு, வடக்கத்திக்காரர் போல இருந்தார். இடது பக்கத்தில் இருந்தவர் தமிழர். நடுவில் இருந்தவர் பதிவேட்டில் விரலை வைத்துக்கொண்டு, அமைதியான இங்கிலீஷில், குற்றாலத்தில் ஒரு வாரம் விட்டு ஒரு திங்கட்கிழமைதான் கனத்த மழை பெய்யுமா என்று கேட்டார். மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"யாரோ ஒருவர் ஒரு வாரம் முழுக்கப் பாட்டிலைப் பார்க்கவே இல்லை" என்றார். "உங்கள் நண்பரைக் கேட்டேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் அளந்தோம், தவறு இரண்டு பேருடையதும்தான் என்கிறார். எந்த வாரம் யாருடையது என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார். கையெழுத்து அவருடையது என்று ஒப்புக்கொள்கிறார். நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வாரங்கள் எவை?"

பூஜ்யம் போட்டது நான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்துகூட விட்டேன். அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பைலட்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எண்கள் இருக்கிற வாரங்கள் என்னுடையவை, சார்" என்றேன்.

"அப்படியானால் திங்கட்கிழமைகளில் நீங்கள் கண்டது அவர் விட்டுவைத்த தண்ணீர்."

"ஆமாம் சார். அப்போது தெரியவில்லை. பிரதி எடுக்கும்போதுதான் தெரிந்தது."

"ஏன் உங்கள் ஆசிரியரிடம் சொல்லவில்லை?"

"அவன் என் நண்பன், சார்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. இடது பக்கத்துத் தமிழர் தலையை ஆட்டியபடி எதையோ குறித்துக்கொண்டார். எனக்கு நல்லவன் என்று மார்க் போடுகிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதற்குப் பிறகு தூறலுக்கும் மழைக்கும் என்ன வித்தியாசம், துளி எத்தனை மில்லிமீட்டர், மழைமானியில் எதையெல்லாம் அளக்க வேண்டும் என்று கேட்டார்கள். மழை, தூறல், ஆலங்கட்டி, உருகிய பனி, வானத்திலிருந்து இறங்குகிற எல்லாவற்றையும் என்று கடகடவென்று ஒப்பித்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

வெளியே வந்தபோது அவன் இரண்டு கிளாஸ் டீ வாங்கி வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னலே கேட்டாவ?"

"தூறல்னா என்னன்னு கேட்டாங்க."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ரயிலில் ஊர் வந்து சேரும்வரை, உள்ளே எனக்காக என்ன சொன்னான் என்பதை அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவன் அக்கா கட்டிக் கொடுத்த புளியோதரையில் பாதியை எனக்குப் பிரித்துக் கொடுத்தான். சாப்பிட்டேன்.

கார்த்திகையில் எனக்கு உத்தரவு வந்தது. அவனுக்கு வரவில்லை. அப்பா ஸ்டேஷனில் போர்ட்டர் முதல் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். அவரை வழக்கமாக அதட்டுகிற ஒரு பழ வியாபாரிக்குக் கையில் இரண்டாக வைத்தார். அந்த முகத்தைப் பார்த்தபோது செய்தது சரிதான் என்றுகூட எனக்குத் தோன்றியது. ரயிலேற்றச் சிநேகிதன் சுரண்டையிலிருந்து வந்து, என் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வைத்தான். "போய் அந்த மேகத்தப் பாத்துட்டு எழுதுலே" என்றான்.

அவனுக்கு வேறு காரணத்தால் கிடைக்காமல் போயிருக்கலாம். மார்க் என்னைவிடக் குறைவு. இங்கிலீஷ் கொஞ்சம் திணறும். அந்த 'லாம்' என்கிற இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு நான் ரொம்ப நாள் ஓட்டினேன்.

முதலில் என்னை வடக்கே, மழையே அபூர்வமான ஓர் ஊருக்குப் போட்டார்கள். மீனம்பாக்கம் இரண்டு வருடம் கழித்துத்தான் கிடைத்தது. பைலட்டும் வந்தார். காகிதத்தை வாங்கினார், வேறு யாரோடோ பேசிக்கொண்டே போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் வேலை எனக்குப் பிடித்திருந்தது. எட்டரை மணிக்குப் போய்ப் பார்ப்பேன், எழுதுவேன், பக்கத்தில் இனிஷியல் போடுவேன். சாரல் விழுந்தாலும் அளப்பேன். அதில் ஒருநாளும் தவறியதில்லை. திருந்திவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள நான் இதை எழுதவில்லை. சம்பளம் கொடுத்தார்கள், செய்தேன்.

அடுத்த வருடம் ஆடியில் லீவில் வந்தபோது சுரண்டைக்கு அவனைப் பார்க்கப் போனேன். அதுவரை ஊருக்கு வந்த இரண்டு தடவையும் ஏதோ ஒரு சாக்கு கிடைத்து, போகாமல் தப்பியிருந்தேன். அவன் பி.டி. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. என்னைப் பார்த்ததும் பழையபடி தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்து, ராத்திரி தங்கித்தான் போக வேண்டும் என்றான். சாயங்காலம் ஒரு நோட்டை எடுத்து வந்து என் மடியில் போட்டான்.

பள்ளிக்கூட மைதானத்தில் தகரக்கடையில் சொல்லிச் செய்த ஒரு மழைமானியை நட்டு வைத்திருக்கிறான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தினமும் அளக்கிறான். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் அனுப்புவதில்லை. நோட்டைப் புரட்டினேன். சுரண்டை வானம், சீசன் மாதம். பக்கம் பக்கமாகப் பூஜ்யம். ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் பக்கத்தில் 'பார்த்தேன்' என்று எழுதி இனிஷியல் போட்டிருந்தான். அதே அச்சு எழுத்து.

"எதுக்குலே இது?" என்று கேட்டேன்.

"சும்மா பூஜ்யம்னு போட்டா நம்பிக்க வராதுல்லா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். குத்திச் சொன்னானா, சாதாரணமாகச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, எங்கோ பார்த்தபடி, "ஆமா, எந்த வாரம் யாருதுன்னு ஒன்னய அன்னைக்குக் கேட்டாவளாலே?" என்றான்.

"கேக்கல" என்றேன்.

"என்னயக் கேட்டாவ. நான் சொல்லல" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவன் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள்.

காலையில் எட்டரைக்கு என்னையும் மைதானத்துக்கு அழைத்துப் போனான். காற்று வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு வீசியது. மேற்கே மலை இருட்டிக் கிடந்தது. குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருக்கும். எங்கள் தலைக்கு மேலே மேகம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவன் குனிந்து புனலை எடுத்தான், பாட்டிலை எடுத்தான், என் கண்முன்னால் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு இல்லை.

"நீயும் பாரு" என்றான்.

"பாத்தேன்."

அவன் நோட்டில் பூஜ்யம் போட்டு, 'பார்த்தேன்' என்று எழுதி, தன் இனிஷியலைப் போட்டுவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினான். "நீ கவர்மெண்டு ஆளு. நீயும் போடு."

போட்டேன். அவனோடு சேர்ந்து நான் போட்ட பூஜ்யங்களில், போய்ப் பார்த்துவிட்டுப் போட்டது அது ஒன்றுதான்.